ஒரு வாட் குரல்

பேட்டரி போய்விட்டது. காரணம் அவ்வளவுதான்.

2014 ஜூலை 11 அன்று ஹாம்சாட் என்ற சின்னச் செயற்கைக்கோளின் சேவை முடிவுக்கு வந்தது. அதன் லித்தியம் அயன் பேட்டரி செத்துவிட்டது. செல்போன் பேட்டரி செத்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். தரையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேலே, நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பெட்டிக்கு எந்தக் கடை? இரண்டு வருடம் தாங்கினால் போதும் என்று அனுப்பியது, ஒன்பது வருடம் தாண்டி ஓடியிருந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம்கள், தங்களில் ஒருவர் இறந்தால் 'சைலண்ட் கீ' என்பார்கள். மோர்ஸ் அடிக்கும் விசை ஓய்ந்துவிட்டது என்று பொருள். மனிதர்களுக்குச் சொல்லும் அந்த வார்த்தையைத்தான் ஹாம்சாட்டுக்கும் சொன்னார்கள்.

அந்த வாரம் ராமேஸ்வரத்தில் இதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பேச அவசியமும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை அந்தக் கரையில் நின்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு எளிய காரணம் உண்டு. 2005 மே 5 காலையில் பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து கிளம்பியது. அந்தத் தளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அதுதான். நேரில் பார்த்தவர்களில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் ஒருவர். ராமேஸ்வரத்துக்காரர். ராக்கெட்டில் போன பெரியவர் கார்ட்டோசாட்-1, எடை 1,560 கிலோ. ஓரத்தில் ஒண்டிக்கொண்டு போனது 42.5 கிலோ ஹாம்சாட். கல்யாண வேனில் கடைசி சீட்டில் ஏறிக்கொண்ட சொந்தக்காரப் பையன் மாதிரி. மறுநாள் பத்திரிகைகளில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கலாம் என்ற பெயரைச் சொன்னதும் கட்டுரை அவர் பின்னால் போய்விடும். எனக்கு வேண்டியது இன்னொரு காரணம். இந்தக் கரைக்குக் கேட்கத் தெரியும். அனுப்புவதற்குத்தான் அதற்கு உரிமை கிடைத்ததே இல்லை.

1964 டிசம்பர் 22 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும்போது கடல் எழும்பி வந்து மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். பாம்பன் பாலமும் சிதைந்தது. தந்திக் கம்பங்கள் விழுந்துவிட்டன. ரயில் போய்ச் சேரவில்லை என்பதும், ஏன் சேரவில்லை என்பதும் வெளியுலகத்துக்கு உடனே தெரியவில்லை. புயலில் முதலில் சாவது கம்பி. இன்றும் அப்படித்தான், செல்போன் கோபுரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்பது மட்டும் எப்போதும் இருந்தது. இலங்கை வானொலி இந்தக் கரையில் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு தலைமுறை தமிழ் சினிமாப் பாட்டைக் கொழும்பிலிருந்துதான் கற்றுக்கொண்டது. கே.எஸ். ராஜாவின் குரல் தெரியாத டீக்கடை இருந்திருக்காது. ஆனால் அது ஒருவழிப் பாதை. கொழும்பு பேசும், பாம்பன் கேட்கும். பாட்டு பிடித்திருந்தால் போஸ்ட் கார்டு எழுதிப் போடலாம்.

திருப்பிப் பேசும் கருவியின் கதை வேறு. இலங்கையில் சண்டை மூண்ட பிறகு இந்தக் கரையில் வயர்லெஸ் செட் என்ற வார்த்தைக்கே ஒரு வாசனை வந்துவிட்டது. டீசல், மருந்து, பேட்டரி வரிசையில் அதுவும் சந்தேகத்துக்குரிய பொருள். ராஜீவ் காந்தி கொலை விசாரணையில் யாழ்ப்பாணத்துக்குப் போன, அங்கிருந்து வந்த வயர்லெஸ் செய்திகள் முக்கியமான தடயமாயின. அந்த ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற ஹாம் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி. கொல்லப்பட்டவரின் பொழுதுபோக்கும், கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்ததும் ஒரே தொழில்நுட்பம். இதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராமநாதபுரம் மாவட்டத்து மாடியில் ஒருவர் நீளமான ஆன்டெனா ஒன்றை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதைக் கற்பனை செய்ய முடிகிறது.

சட்டம் ஹாம்களை அனுமதித்தே இருந்தது. பரீட்சை எழுத வேண்டும், போலீஸ் விசாரணை முடிய வேண்டும், மத்திய அரசின் உரிமம் வர வேண்டும். வந்த பிறகு உலகத்தில் இன்னொரு ஹாமோடு பேசலாம். காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. ஒளிக்க எதுவும் இல்லாத பேச்சு.

அந்தப் பேச்சுக்கு என்ன பயன் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. பாரதி பிரசாத்தின் தலைமையில் ஒரு ஹாம் குழு அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அபூர்வமாகக் கிடைத்த அனுமதியில், உலகத்து ஹாம்களோடு பேசி மகிழப் போயிருந்தார்கள். நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தொலைபேசி செத்தது. விளையாட்டுக்குக் கொண்டுபோன ரேடியோக்கள் அவசரச் செய்தி அனுப்பும் நிலையமாக மாறின. உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி, யாரைக் காணவில்லை என்ற விசாரிப்பு எல்லாம் அதில் போயின, வந்தன.

நான்கே மாதத்தில் ஹாம்சாட் மேலே போனது. சுனாமியால் செய்யப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அது போனது பொருத்தம்தான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்திய ஹாம்களின் துணையோடு இஸ்ரோவில் உருவானது. இன்னொன்று நெதர்லாந்திலிருந்து வந்தது. வென்லோ நகரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வில்லியம் லெயனார் என்ற ஹாம் செய்தது. ஒரு மாணவர் செய்த கருவியை ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் தன் ராக்கெட்டில் ஏற்றியிருக்கிறது. இன்று அது சாதாரணம். 2005இல் அவ்வளவு சாதாரணமில்லை. மின்சாரம் குறைவு என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும்.

டிரான்ஸ்பாண்டர் என்றால் பயந்துவிட வேண்டாம். கீழேயிருந்து 435 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் குரலை வாங்கி, 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் திருப்பிக் கீழே கொட்டும். அவ்வளவுதான். அதற்குச் செலவாகும் சக்தி ஒரு வாட். பழைய டார்ச் லைட் பல்புக்குப் போகும் அளவு. கடலோர வி.எச்.எஃப். செட்டில் பேசினால் அடிவானம் வரைக்கும்தான் கேட்கும், பூமி வளைந்துவிடுகிறது. ஹாம்சாட் ராமேஸ்வரத்துக்கு நேர் மேலே வரும்போது அதன் பார்வையில் 2,700 கிலோமீட்டர் சுற்றளவு மொத்தமும் விழும், அதாவது நம்மிடமிருந்து எந்தத் திசையிலும் அவ்வளவு தூரம். டெல்லி உள்ளே. பாங்காக் உள்ளே. மாலத்தீவு, அந்தமான் எல்லாம் உள்ளே. ஒரு வாட்டில்.

ஆனால் நேரம் குறைவு. சுற்றுப்பாதை ஏறத்தாழத் துருவத்துக்குத் துருவம். ஒரு சுற்றுக்கு 97 நிமிடம். ஆரம்ப வருடங்களில் காலை பத்து, பத்தரையை ஒட்டி ஓரிரு தடவையும், இரவில் அதே கணக்கில் ஓரிரு தடவையும் தலைக்கு மேல் வந்து போகும். நல்ல பாஸ் என்றால் பதிமூன்று நிமிடம். அதற்குள் கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பி.வி.சி. பைப்பில் ஸ்டீல் அளவு டேப்பை வெட்டி ஒட்டிய ஆன்டெனாவே போதும். வருகிற ரயிலின் ஹாரன் கடந்து போனதும் தணிகிறதல்லவா, அதே மாதிரி அலைவரிசை வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கை ஆன்டெனாவில், ஒரு கை டயலில், வாய் மைக்கில். மொட்டை மாடியில் இப்படி ஒருவர் நின்றால் பேய் பிடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

இந்த டிரான்ஸ்பாண்டருக்கு ஒரு குணம் உண்டு. அகலம் 60 கிலோஹெர்ட்ஸ். அதில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் பேசலாம், ஒருவர் முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாட் எல்லோருக்கும் பொது. கீழே ஒருவர் பெரிய கருவியை வைத்துக்கொண்டு அதிகச் சக்தியில் அனுப்பினால், மேலே இருக்கும் ஒரு வாட்டில் பெரும்பகுதி அவர் குரலுக்கே போய்விடும். மற்றவர்கள் அமுங்கிப் போவார்கள். அதனால் எவ்வளவு மெதுவாகப் பேசினால் கேட்குமோ அவ்வளவு மெதுவாகப் பேசுவதுதான் மரியாதை. தண்ணி இல்லாத கோடையில் ஊர்க் கிணற்றில் குடம் வைக்கிற ஒழுங்கு. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். ஹாம்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ஊர்ப் பெயரால் சொல்வதைவிடக் கட்டத்தால் சொல்வதை விரும்புவார்கள். உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கிழக்கு மேற்கில் இரண்டு பாகை, தெற்கு வடக்கில் ஒரு பாகை. ராமேஸ்வரம் விழும் கட்டத்துக்குப் பெயர் எம்.ஜே.99. நான் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராமநாதபுரம் எம்.ஜே.99. தனுஷ்கோடி எம்.ஜே.99. கச்சத்தீவும் எம்.ஜே.99. நெடுந்தீவு எம்.ஜே.99. தலைமன்னார் எம்.ஜே.99. யாழ்ப்பாண நகரம் மட்டும் 80 பாகைக் கோட்டைக் கொஞ்சமே தாண்டி அடுத்த கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

1974, 1976 ஒப்பந்தங்கள் கிழித்த கடல் எல்லைக்கோடு இந்தக் கட்டத்துக்கு நடுவில்தான் போகிறது. அதைத் தாண்டியதற்காக எத்தனை படகுகள் பிடிபட்டன, எத்தனை பேர் திரும்பவில்லை என்பது தனிக் கதை. கட்டம் போட்டவர்களுக்குக் கச்சத்தீவு என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. அழைப்புக் குறி மட்டும் மாறும், இந்தப் பக்கம் வி.யு., அந்தப் பக்கம் 4எஸ். தூரத்து நாட்டு ஹாம் ஒருவருக்கு இரண்டு கரையும் நோட்டுப் புத்தகத்தில் ஒரே கட்டம்.

இனி பேட்டரி. ஹாம்சாட்டின் உடம்பெல்லாம் சூரியத் தகடு. வெயிலில் அது சார்ஜ் ஏற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் அரை மணி நேரம் பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரியில் ஓடும். ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்று என்றால் பதினைந்து ராத்திரி. 2005 மே முதல் 2014 ஜூலை வரை 3,350 நாளுக்கு மேல். பெருக்கினால் ஏறத்தாழ 50,000 தடவை ஏறி இறங்கியிருக்கிறது. நம் போன் ஆயிரம் தடவையிலேயே மூச்சு வாங்குகிறது. அந்தக் கணக்கைப் போட்ட பிறகு 'செயலிழந்தது' என்ற வார்த்தை எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் பட்டது.

அமெச்சூர் செயற்கைக்கோள்களின் ஆயுளைப் பெரும்பாலும் பேட்டரிதான் முடிவு செய்திருக்கிறது. முதலாவது, ஆஸ்கர்-1, 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க ராணுவ ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போனது. எடை நாலரை கிலோ. மோர்ஸில் 'ஹாய்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. சில வாரங்களில் பூமியின் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தது, அதன் பேட்டரி அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. அந்தக் குடும்ப வரிசையில்தான் நம் ஹாம்சாட்டுக்கு வி.யு.-ஆஸ்கர் 52 என்ற பெயர் வந்தது. வெளிநாட்டு ஹாம்கள் வி.ஓ.-52 என்றே கூப்பிட்டார்கள்.

வரிசையில் ஏழாவதன் கதை இன்னும் விசித்திரம். 1974 நவம்பர் 15இல் போன ஆஸ்கர்-7, 1981இல் பேட்டரி ஷார்ட் ஆகிச் செத்தது. காரியம் முடிந்தது என்று எல்லோரும் போய்விட்டார்கள். 2002 ஜூனில் இங்கிலாந்தில் ஒரு ஹாம் டயலைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பழைய மோர்ஸ் ஒலி ஒன்று கேட்டது. ஷார்ட் ஆன பேட்டரி, இருபத்தோரு வருடம் கழித்து, உள்ளே அறுந்துபோய்ச் சுற்றைத் திறந்துவிட்டிருக்கிறது. அதனால் சூரியத் தகட்டின் மின்சாரம் மறுபடி கருவிக்குப் போக ஆரம்பித்தது. நிழலுக்குள் போனால் மூச்சு நின்றுவிடும், வெயிலுக்கு வந்தால் பேசும். நல்லதங்காள் கதையில்கூட இவ்வளவு சுலபமாக யாரும் எழுந்து வருவதில்லை.

ஹாம்சாட் அப்படி எழுந்துவரவில்லை. அது விழவும் இல்லை. சேவை முடிந்த அன்று அந்த உயரத்திலிருந்து எதுவும் உடனே கீழே வராது. எஞ்சின் இல்லாத பெட்டி, அதே பாதையில், அதே வேகத்தில், ராமேஸ்வரத்தின் தலைக்கு மேல் வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடம் கழித்து 2015 ஜூலை 27 அன்று கலாம் ஷில்லாங்கில் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது சரிந்தார். 30ஆம் தேதி பேய்க்கரும்பில் அடக்கம். லட்சக்கணக்கில் கூட்டம். நான் இரண்டையும் ஒப்பிடவில்லை, தேதிகள் அடுத்தடுத்து நிற்பதைச் சொல்கிறேன்.

ஹாம்சாட் போனதால் இந்தக் கரைக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், நேராகப் பார்த்தால் எதுவும் இல்லை. அது மீனவர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. படகில் போகிறவர் ஹாம் பரீட்சை எழுதிவிட்டுப் போவதில்லை. ஆனால் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையின் வி.எச்.எஃப். அவ்வளவு தூரம் எட்டாது. புயல் வருகிறது என்று கரைக்குத் தெரிந்தது, படகுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அரசு கண்டுபிடித்த தீர்வுகளைப் பாருங்கள். 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் இடமும் படகுக்கு வரும். நல்ல கருவிதான். ஆனால் கரை பேசும், படகு கேட்கும். "எங்குட்டுப்பா கிடக்கீக?" என்று கேட்கலாம், பதில் வராது. மறுபடியும் இலங்கை வானொலி, பாட்டு மட்டும் இல்லை.

ஆபத்தில் படகிலிருந்து பொத்தானை அமுக்கி அபயச் செய்தி அனுப்பும் கருவி தனியாக இருந்தது. ஆனால் அமுக்கியவருக்குத் தன் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான், செய்தி கிடைத்தது என்ற பதில் படகுக்குத் திரும்பி வரும் ஏற்பாடு செய்யப்பட்டது. கேட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை. கடலில் தத்தளிக்கும் மனிதனுக்கு அந்த ஒரு வார்த்தையின் எடை என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹாம்கள் நூறு வருடமாகச் செய்துவருவது அதைத்தான். பேச்சில் பெரும்பகுதி 'உன் குரல் இந்த அளவு கேட்கிறது, பெயர் இன்னது, கட்டம் இன்னது, நன்றி' என்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு.

2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்தில் மாணவர்கள் செய்த நூறு குட்டிச் செயற்கைக்கோள்களை ஒரு பலூனில் கட்டி மேலே அனுப்பினார்கள். கலாம் பெயரில்தான். ஒவ்வொன்றும் சில பத்து கிராம். பலூன் சுற்றுப்பாதைக்குப் போகாது, ஏறி இறங்கிவிடும். சாதனைப் புத்தகம், போட்டோ, செய்தி எல்லாம் உண்டு. அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தில் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஒரு சர்க்யூட்டைச் சால்டர் செய்த விரல் அதை மறக்காது. ஆனால் நூறில் ஒரு பிள்ளையாவது ஹாம் பரீட்சை எழுதி, அனுப்புகிற உரிமையைக் கையில் வாங்கியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் வானம் காலியாக இல்லை. 2015 செப்டம்பர் 28 அன்று, ஹாம்சாட் போன அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இந்தோனேசியாவின் லபான்-ஏ2 போனது. அந்நாட்டு ஹாம் சங்கத்துக்கான குரல் ரிப்பீட்டர் அதில் இருந்தது. ஹாம்சாட் துருவத்துக்குத் துருவம் ஓடியது, நமக்கு நாளைக்கு நாலைந்து தடவைதான். லபான் நிலநடுக்கோட்டை ஒட்டி, வெறும் ஆறு பாகை சாய்வில் சுற்றுவது. நிலநடுக்கோட்டுத் தீவுகளுக்காகப் போட்ட பாதை. ஆனால் ராமேஸ்வரம் 9 பாகை சில்லறையில் இருப்பதால் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. டெல்லிக்காரருக்குத் தெற்கே அடிவானத்தில் தலைகாட்டினாலே அதிர்ஷ்டம். தனுஷ்கோடி மணலில் நிற்பவருக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, மேற்கே பாம்பன் பக்கம் எழுந்து, தலைமன்னார் பக்கம் இறங்கும்.